தாய்லாந்துக்குப் பக்கத்து நாற்காலி

1993 ஏப்ரல் 8ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு புது நாடு சேர்ந்தது. கைதட்டி வரவேற்றாயிற்று. எங்கே உட்காரவைப்பது என்பதில்தான் சிக்கல். ஐ.நா.வில் இருக்கைகள் ஆங்கில அகரவரிசைப்படி. வந்த நாடு தன் பெயர் மாசிடோனியா என்றது. அப்படியானால் 'எம்' வரிசை. எம்மில் உட்காரக் கூடாது என்று கிரீஸ் எழுந்து நின்றது. பாதுகாப்பு கவுன்சில் முந்தின நாள்தான் அந்த நாட்டுக்கு ஒரு தற்காலிகப் பெயரைத் தைத்துக் கொடுத்திருந்தது: 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு'. சரி, 'ஃபார்மர்' என்ற முன்னாளுக்கு உரிய 'எஃப்' வரிசையில் போடலாமா? அது எங்கள் பெயரில்லை, நீங்கள் எங்களைப் பற்றிச் சொல்லும் விவரம், அதனால்தான் அந்த 'எஃப்' சின்ன எழுத்தில் இருக்கிறது என்று புது நாடு முறுக்கிக்கொண்டது. கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத ஒரு சொல் மிச்சம் இருந்தது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'தி'. அதைப் பிடித்து 'டி' வரிசையில், தாய்லாந்துக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டார்கள். உலக வரலாற்றில் ஆங்கில இலக்கணத்தால் தீர்த்துவைக்கப்பட்ட எல்லைத் தகராறு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கொடியையும் ஏற்றவில்லை. அதில் வேறு தகராறு. அதற்கு வருகிறேன்.

இத்தனை ரகளைக்கும் மூலகாரணம் நமக்குத் தெரிந்தவர்தான். ஜீலம் நதிக்கரையில் போரஸைத் தோற்கடித்துவிட்டு, உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டதாகப் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும் அதே அலெக்சாண்டர். கி.மு. 356இல் பெல்லா என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பெல்லா இன்றைக்குக் கிரீஸ் நாட்டுக்குள் இருக்கிறது. அவர் பேசியது, படித்தது, எதிரிகளைத் திட்டியது எல்லாம் பெரும்பாலும் கிரேக்கத்தில். எனவே எங்கள் பிள்ளை என்கிறது கிரீஸ். நியாயம்தான்.

ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் குடும்பத்தை மற்ற கிரேக்கர்கள் எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். அலெக்சாண்டரின் முன்னோரில் ஒருவர், அவர் பெயரும் அலெக்சாண்டர்தான், ஒலிம்பிக் ஓட்டப்பந்தயத்துக்குப் போனபோது, இது கிரேக்கர்களுக்கான போட்டி, நீ யார் என்று மற்ற வீரர்கள் தடுத்தார்கள். தன் வம்சம் ஆர்கோஸ் நகரத்திலிருந்து வந்தது என்று நிரூபித்த பிறகே அவரை ஓடவிட்டார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் அலெக்சாண்டரின் அப்பா பிலிப் காலத்தில், டெமாஸ்தனீஸ் என்ற ஏதென்ஸ் பேச்சாளர் மேடைமேடையாக ஏறி, அந்த ஆள் கிரேக்கனே இல்லை, கிரேக்கனுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று கிழித்தெடுத்தார். பிலிப் ஏதென்ஸைத் தோற்கடித்தார். மகன் பாதி உலகத்தைப் பிடித்தார். 2300 வருடம் கழித்து அதே ஏதென்ஸில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி, அவர் அக்மார்க் கிரேக்கர், வேறு யாரும் தொடாதே என்று கோஷம் போட்டார்கள். ஜெயித்தவனுக்குத்தான் சொந்தக்காரர்கள் அதிகம்.

எதிர்த்தரப்பின் கதை இன்னும் வேடிக்கை. இன்றைய ஸ்கோப்யே நகரைத் தலைநகராகக் கொண்ட அந்த நாட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் பேசுவது ஸ்லாவிய மொழி. ஸ்லாவியர்கள் பால்கன் பக்கம் வந்தது கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில். அலெக்சாண்டர் செத்து ஒன்பது நூற்றாண்டு ஆன பிறகு. நாட்டின் முதல் ஜனாதிபதி கிரோ கிளிகோரோவ் விவரமான கிழவர். நாங்கள் ஸ்லாவியர்கள், பண்டைய மாசிடோனியர்களின் வாரிசுகள் இல்லை என்று 1992லேயே நேராகச் சொல்லிவிட்டார். பெரியவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

இருவருமே அலெக்சாண்டரைக் காட்டிச் சண்டை போட்டாலும் உண்மையான பயம் அவரைப் பற்றியதில்லை. மாசிடோனியா என்பது ஒரு பெரிய நிலப்பகுதியின் பெயர். ஐந்நூறு வருடத்துக்கு மேல் உதுமானியர் ஆண்ட அந்தப் பகுதியை 1912, 1913 பால்கன் போர்களில் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். பாதிக்கு மேல் கிரீஸுக்கு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக செர்பியாவுக்கு, ஒரு துண்டு பல்கேரியாவுக்கு. பட்டா மூன்று பேர் பெயரில். நிலத்தின் பெயர் மட்டும் ஒன்று. செர்பியாவுக்குப் போன பங்கில் மாசிடோனியா என்ற பெயரையே அதிகாரிகள் புழங்கவிடவில்லை, 'தெற்கு செர்பியா' என்றார்கள். 1944இல் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ வந்து அதை யூகோஸ்லாவியாவுக்குள் தனி மாசிடோனியக் குடியரசாக்கினார். அடுத்து கிரீஸில் உள்நாட்டுப் போர். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு டிட்டோவின் உதவி. முழு மாசிடோனியாவையும் ஒன்றாக்குவோம் என்ற பேச்சு. அந்தத் தலைமுறை கிரேக்கர்களுக்கு 'மாசிடோனியா' என்று ஒரு தனிநாடு எழுந்தால் வயிற்றைக் கலக்கியது இதனால்தான். அதைக் கோமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அதே சமயம், செர்பியன், பல்கேரியன், கிரேக்கன் என்று அடுத்தவர்களெல்லாம் மாற்றிமாற்றிப் பெயர் சூட்டிய ஒரு கூட்டம், கடைசியில் தனக்கென்று கிடைத்த ஒரே பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதையும் குறைசொல்ல முடியவில்லை. பெரிய ராணுவம் கிடையாது, கடல் கிடையாது, எண்ணெய்க் கிணறு கிடையாது. ஜனத்தொகை சுமார் இருபது லட்சம். பெயரையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன?

கோமாளித்தனம் இதற்கப்புறம் நடந்ததில்தான்.

1991 செப்டம்பர் 8இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மாசிடோனியா தனியாகப் பிரிந்தது. எங்களுக்கு யார் நிலத்தின்மீதும் ஆசையில்லை என்று அரசியலமைப்பிலேயே 1992 ஜனவரியில் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டது. அதற்குள் தெசலோனிக்கி நகரத்தின் வெள்ளைக் கோபுரம் அச்சிட்ட ஸ்கோப்யே பணநோட்டு ஒன்று கிரீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. தெசலோனிக்கி கிரீஸின் இரண்டாவது பெரிய நகரம். பார்த்தாயா, நம் ஊரை நோட்டிலேயே போட்டுவிட்டான்! அது அரசாங்கம் அடித்த நோட்டே இல்லை. தேசியவாதிகள் சிலர் நினைவுப்பொருளாக அடித்துவிட்டது. வதந்திக்கு ரிசர்வ் வங்கி கையெழுத்து எதற்கு? 1992 பிப்ரவரியில் தெசலோனிக்கியில் திரண்ட கூட்டம் பத்து லட்சம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள்.

ஆகஸ்டில் புது நாடு கொடியைத் தேர்ந்தெடுத்தது. சிவப்புத் துணியில் பதினாறு கதிருள்ள பொன் சூரியன். அழகான சூரியன்தான். 1977இல் மனோலிஸ் அந்திரோனிகோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் வெர்ஜினா என்ற ஊரில் ஓர் அரச கல்லறையைத் தோண்டி எடுத்த தங்கப் பெட்டியின் மூடியில் இருந்த சூரியன் அது. வெர்ஜினா கிரீஸில் இருக்கிறது. வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்த காரியம். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும் என்று யோசித்துச் செய்திருந்தால் அபாரமான ராஜதந்திரம். அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

கிரீஸ் பிரதமர் மிட்சோடாகிஸ், பத்து வருடத்தில் இதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஆண்டோனிஸ் சமராஸ் அதைவிடச் சூடானவர். மாசிடோனியா என்ற சொல்லே அந்தப் பெயரில் எந்த மூலையிலும் வரக் கூடாது என்றார். பிரதமர் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். அவர் வெளியே போய்ப் புதுக்கட்சி ஆரம்பித்து 1993இல் ஆட்சியையே கவிழ்த்தார். பெயர் வைக்கப்போன இடத்தில் பெயர் கெட்டது கிரீஸ் அரசுக்கு.

அடுத்து வந்த ஆண்ட்ரியாஸ் பாப்பன்ட்ரூ 1994 பிப்ரவரியில் எல்லையை இழுத்து மூடினார். கடல் இல்லாத மாசிடோனியாவுக்குத் தெசலோனிக்கிதான் துறைமுகம். வடக்கே இருந்த செர்பியாவோ ஐ.நா. தடையில். எரிபொருளும் சரக்கும் மலைப்பாதையில் பல்கேரியா, அல்பேனியா வழியாகச் சுற்றிச்சுற்றி வந்தன. ஒன்றரை வருடம் இப்படி.

1995 செப்டம்பர் 13இல் நியூயார்க்கில் ஓர் இடைக்கால ஒப்பந்தம். இந்த ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பெயர்ச் சண்டையைத் தீர்க்க வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரண்டு நாடுகளின் பெயரும் கிடையாது! ஏதென்ஸைத் தலைநகராகக் கொண்டது 'முதல் தரப்பு'. ஸ்கோப்யேவைத் தலைநகராகக் கொண்டது 'இரண்டாம் தரப்பு'. கடைசி வரிவரை அப்படியே. நம் பத்திரப் பதிவு அலுவலகத்து எழுத்தர்கூட 'இன்னார் மகன் இன்னார்' என்று ஆரம்பித்துவிட்டுத்தான் ஒன்றாவது பார்ட்டி, இரண்டாவது பார்ட்டி என்று போவார். இரண்டாம் தரப்பு கொடியை மாற்றியது. பதினாறு கதிர் எட்டாகி, சூரியன் கொடி முழுக்கப் பரவியது. முதல் தரப்பு எல்லையைத் திறந்தது. தற்காலிகப் பெயரில் வந்தால் சர்வதேச அமைப்புகளில் சேரத் தடைபோடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தது. பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 'அப்புறம்' 23 வருடம் நீண்டது.

மேத்யூ நிமெட்ஸ் என்ற நியூயார்க் வழக்கறிஞர் இந்த வழக்கில் மத்தியஸ்தர். 1994இல் அமெரிக்கத் தூதராக உள்ளே வந்தவர், 1999இலிருந்து ஐ.நா.வின் பிரதிநிதி. சம்பளம் வருடத்துக்கு ஒரு டாலர். 'புதிய', 'மேல்', 'வடக்கு', 'வர்தார்' என்று மாசிடோனியாவின் முன்னாலும் பின்னாலும் ஒட்டக்கூடிய எல்லா அடைமொழிகளையும் அவர் முன்வைத்துப் பார்த்தார். ஒரு நாட்டின் பெயரைப் பற்றி மட்டுமே கால் நூற்றாண்டு யோசித்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. செய்த வேலைக்கு அந்த ஒரு டாலர் அதிகம் என்று இரண்டு நாட்டிலுமே ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் சாதாரண ஜனங்கள் எல்லையைத் தாண்டியாக வேண்டுமே. மாசிடோனியக் கார்களின் நம்பர் பலகையில் 'எம்கே' என்று நாட்டுக்குறி இருக்கும். கிரேக்க எல்லைக் காவலர் கையில் ஸ்டிக்கர் கட்டு. வண்டி வந்து நின்றதும் குனிந்து அந்த இரண்டு எழுத்தின்மீது ஒன்றை ஒட்டுவார். கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்போது பிய்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினால் உள்ளே எழுதியிருக்கும் பெயரை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் தனித்தாளில் குத்திக் கொடுத்தார்கள். கிரேக்கர்கள் அந்த நாட்டையே தலைநகரின் பெயரால் 'ஸ்கோப்யா' என்றார்கள். பிறநாட்டு அதிகாரிகள் தற்காலிகப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபைரோம்' என்றார்கள், ஏதோ வயிற்றுவலி மாத்திரை மாதிரி. அமெரிக்கா முதல் சீனா வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் நேரடியாகப் பேசும்போது மாசிடோனியா என்றுதான் கூப்பிட்டன. ஆக, குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாட்டில் ஒரு நாட்டுக்கு நான்கு பெயர்.

2006இல் நிகோலா குரூவ்ஸ்கி பிரதமரானார். வந்ததும் ஸ்கோப்யே விமான நிலையத்துக்கு 'மகா அலெக்சாண்டர்' என்று பெயர் சூட்டினார். கிரீஸுக்குப் போகும் நெடுஞ்சாலைக்கும் அலெக்சாண்டர் பெயர். 2008 ஏப்ரலில் புகாரெஸ்டில் நேட்டோ மாநாடு. உறுப்பினராகச் சேர மாசிடோனியாவுக்கு அழைப்பு வருவதாக இருந்தது. கிரீஸ் தடுத்துவிட்டது. மாசிடோனியா ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 2011இல் 15க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தது. கிரீஸ் ஒப்பந்தத்தை மீறியது உண்மை என்று தீர்ப்பு. மறுநாள் காலையில் எதுவும் மாறவில்லை.

அழைப்பு போனால் என்ன, சொந்தபந்தம் வந்தது. அதே 2008 ஜூலையில், பாகிஸ்தானின் வடக்கு மூலையிலிருக்கும் ஹூன்சா பள்ளத்தாக்கின் இளவரசர் கஸன்ஃபர் அலி கான் மனைவியோடு ஸ்கோப்யேவில் வந்திறங்கினார். அலெக்சாண்டரின் படைவீரர்கள் சிலர் அங்கேயே தங்கிவிட்டதாகவும் தாங்கள் அவர்கள் வம்சம் என்றும் ஹூன்சாவில் ஒரு நம்பிக்கை உண்டு. பிரதமரே போய் வரவேற்றார். 2300 வருடத்துக்கு முன் சிந்து பக்கம் போன பையன்களின் பேரப்பிள்ளைகள் வீடு திரும்பியதைப் போல உபசாரம். போன பையன்களுக்கும் வரவேற்ற ஊருக்கும் என்ன உறவு என்று கேட்கும் தைரியம் அந்த விருந்தில் யாருக்கும் இருந்திருக்காது.

பிறகு குரூவ்ஸ்கி நகரத்தையே மாற்றத் துணிந்தார். 1963 ஜூலை 26 பூகம்பத்தில் ஸ்கோப்யே இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அதன்பின் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கென்ஸோ டாங்கேயின் திட்டத்தில் கான்கிரீட் நகரமாக எழுந்தது. அது போதாது, பழமை வேண்டும் என்றார். பழமையைப் புதிதாகக் கட்டினார்கள். 'ஸ்கோப்யே 2014' என்று திட்டத்துக்குப் பெயர். கான்கிரீட் கட்டடங்களின் முகத்தில் ரோமானியத் தூண் ஒட்டினார்கள். தட்டிப்பார்த்தால் சில இடத்தில் உள்ளே தெர்மோகோல். இருபத்தொரு மீட்டர் உயரத்தில் வெற்றி வளைவு, எந்தப் போரில் வென்றதற்கு என்பதுதான் தெரியவில்லை. வர்தார் ஆற்றுக்குள் நகராத கான்கிரீட் கப்பல்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெண்கலத்தில் யாராவது ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். 80 மில்லியன் யூரோ என்று ஆரம்பித்த செலவு 600 மில்லியனைத் தாண்டியது என்று பத்திரிகையாளர்கள் பின்னால் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

நடுச்சதுக்கத்தில் 2011 ஜூனில் வந்து சேர்ந்தது முக்கியமான சிலை. இத்தாலியில் வார்த்தது. பீடத்தோடு சேர்த்து இருபது மீட்டருக்கு மேல் உயரம். முன்னங்கால் தூக்கிய குதிரை, ஓங்கிய வாள், கீழே சிங்கங்கள், வீரர்கள், ராத்திரியில் கலர் விளக்கும் இசையும் போட்டு ஆடும் நீரூற்று. ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் யாரென்று சொல்லும். அரசாங்கத்தைக் கேட்டால் சொல்லாது. சிலையின் அதிகாரப்பூர்வமான பெயர்: 'குதிரைமீது ஒரு போர்வீரன்'. கிரீஸுக்குக் கோபம் வரக் கூடாதாம்! நாட்டின் பெயரில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற அரசு, அதற்காகவே வைத்த சிலையின் பெயரைச் சொல்லப் பயந்தது. கொஞ்ச தூரத்தில் அப்பா பிலிப்பையும் நிறுத்தினார்கள். அவர் பெயரும் 'போர்வீரன்'தான். 2016இல் குரூவ்ஸ்கிக்கு எதிராகத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் கல் எறியவில்லை. வண்ணப் பந்துகளை எறிந்து அந்த வெள்ளைத் தூண்களையெல்லாம் ஹோலி கொண்டாடிவிட்டுப் போனார்கள்.

அதே ஸ்கோப்யேவில் உண்மையாகவே பிறந்த ஒரு பிரபலம் உண்டு: அன்னை தெரசா. 1910இல் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது ஊர் உதுமானியர் கையில். 2009இல் அவருடைய உடலைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி அல்பேனியா கேட்டது. அவர் இந்தியக் குடிமகள், சொந்த நாட்டில்தான் துயில்கிறார் என்று டெல்லி ஒரே வரியில் கதவைச் சாத்தியது. பால்கன்காரர்களுக்கு இவ்வளவு சுருக்கமான பதில் பழக்கமில்லை.

குரூவ்ஸ்கி ஆட்சி போய் 2017இல் ஸோரான் ஸாயெவ் பிரதமரானார். அலெக்சாண்டரை விமான நிலையத்திலிருந்து இறக்கினார். நெடுஞ்சாலைக்கு 'நட்பு' என்று பெயர் வைத்தார். ஏதென்ஸில் அப்போது இடதுசாரி அலெக்சிஸ் சிப்ராஸ். இருவரும் 2018 ஜூன் 17இல் பிரெஸ்பா ஏரிக்கரைக் கிராமத்தில் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடு இனி 'வடக்கு மாசிடோனியா'. மொழி மாசிடோனிய மொழிதான். மக்கள் மாசிடோனியர்தான். அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். மாசிடோனியா என்று நீ சொல்லும்போது உன்னுடையதைச் சொல்கிறாய், நான் சொல்லும்போது என்னுடையதைச் சொல்கிறேன், இரண்டும் வேறுவேறு வரலாறு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. டீக்கடையில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் என்று தோன்றும். முடியாது. அதைச் சொல்லும்போது இரண்டு பேருக்குமே மானம் போகாத ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. 'வடக்கு' என்ற அந்த ஒற்றைச் சொல்தான் தெற்கே வேறொரு மாசிடோனியா உண்டு என்பதையும் இங்கே ஒன்று உண்டு என்பதையும் ஒரே மூச்சில் சொன்னது.

நல்லபடி முடிந்ததா? 2018 செப்டம்பர் 30இல் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். கேள்வித்தாளில் ஐரோப்பிய ஒன்றியம் இருந்தது, நேட்டோ இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. புதுப்பெயர் மட்டும் இல்லை. வந்து போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'சரி' என்றார்கள்; வந்தவர்களே 37 சதவீதம்தான். ஜனாதிபதியே போகவில்லை. பிறகு நாடாளுமன்றத்தில் 120க்கு 81 ஓட்டு, தேவை 80. ஏதென்ஸில் கூட்டணிக் கட்சி கோபித்துக்கொண்டு வெளியேற, 300க்கு 153. 2019 பிப்ரவரியில் எல்லைப் பலகை மாறியது. ஐ.நா.வில் நாற்காலி 'என்' வரிசைக்கு நகர்ந்தது. குதிரைவீரனின் பீடத்தில், இது பண்டைய ஹெலனிய, அதாவது கிரேக்க, வரலாற்றைச் சேர்ந்தது என்று ஒரு தகடு பதித்தார்கள். குரூவ்ஸ்கி அதற்குள் மெர்சிடிஸ் கார் வாங்கிய ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, சிறைக்குப் போகாமல் ஹங்கேரிக்குப் போய் அடைக்கலம் புகுந்திருந்தார்.

கிரீஸில் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து முழங்கிய எதிர்க்கட்சித் தலைவர், பத்து வருடத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்ற அந்த மிட்சோடாகிஸின் மகன் கிரியாகோஸ். 2019 ஜூலையில் பிரதமரானார். இப்போது ஒப்பந்தத்தை வரிவரியாகக் காப்பாற்றச் சொல்லி ஸ்கோப்யேவை அதட்டுவது அவர்தான். அதட்ட வேண்டியும் இருக்கிறது. 2024 மே மாதம் பதவியேற்ற ஜனாதிபதி கோர்தானா சில்யனோவ்ஸ்கா-தாவ்கோவா உறுதிமொழியின்போது 'வடக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் மாசிடோனியா என்றார். கிரேக்கத் தூதர் எழுந்து வெளியே போனார்.

பெயரை மாற்றிய நாட்டை 2020 மார்ச்சில் நேட்டோ சேர்த்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் முதலில் பிரான்ஸ் நிறுத்தியது. அது நகர்ந்ததும் 1913இல் சின்னத் துண்டு மட்டும் கிடைத்த மூன்றாவது பங்காளி பல்கேரியா வந்து நின்றது. பெயர் சரி, நீங்கள் பேசும் மொழி எங்கள் மொழியின் கிளைதானே என்றது. 1903இல் உதுமானியருக்கு எதிராகப் போராடி உயிர்விட்ட கோட்சே டெல்சேவ் யாருடைய வீரர் என்று கேட்டது. அவர் பிறந்த ஊர் கிரீஸில் இருக்கிறது என்பது தனிக்கதை. இதைத் தீர்க்க இரு நாட்டு வரலாற்றாசிரியர்களைக் கொண்ட ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. பல்கேரியர்களையும் அரசியலமைப்பில் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு பேசலாம் என்பது தற்போதைய நிபந்தனை. அதற்கும் 120இல் 80 ஓட்டு வேண்டும்.